ஒரே தெருவில் பாங்கும் தேவாலயமும்

அமெரிக்கா போகிறவர்கள் நியூயார்க்கையும் வாஷிங்டனையும் பார்த்த திருப்தியோடு திரும்பிவிடுவார்கள். உங்களுக்கு அவகாசம் இருந்தால் ஐயோவா மாநிலத்திலுள்ள சீடர் ராபிட்ஸ் நகரத்துக்கும் போய் வாருங்கள். நடுவே ஆறு ஓடும் சிறு நகரம். குவேக்கர் ஓட்ஸ் கம்பெனியின் பிரம்மாண்டமான ஆலை ஒன்று இங்கேதான் இருக்கிறது.

ஊரின் மூன்றாவது அவென்யூ ஆற்றைக் கடந்து செல்கிறது. மேற்குக் கரையில் ஒரு பாங்கு; கிழக்கே சற்றுத் தொலைவில் புனித பால் தேவாலயம். இரண்டையும் உருவாக்க முனைந்தவர் ஒருவரே: லூயிஸ் சல்லிவன்.

யார் இவர் என்கிறீர்களா? செயின்ட் லூயிஸ் நகரில் 1891-ல் முடிந்த 10 மாடி வெயின்ரைட் கட்டடத்தை அமைத்தவர். பிராங்க் லாயிட் ரைட் இவரிடம் தொழில் பழகியவர்தான். பிற்காலத்தில் பெரிய நகரங்கள் சல்லிவனை மறந்தன. சிற்றூர்ப் பாங்குகள்தான் அவருக்குக் கைகொடுத்தன.

இங்குள்ள பீப்பிள்ஸ் சேவிங்ஸ் பாங்கு 1912-ல் எழுந்தது. செங்கல் கட்டடம். நடுக் கூடத்தை மட்டும் உயர்த்தி, மேலே ஜன்னல்கள் வைத்தார். பணம் போட வரும் விவசாயியின் தலைமேல் கோயிலில் விழுவதுபோல் வெளிச்சம் விழும்!

தேவாலயமோ நேர்மாறு. அரைவட்டமான மண்டபம், வளைந்த ஆசனங்கள். நாடகக் கொட்டகை என்றே நினைப்பீர்கள். பிரசங்கம் எல்லோருக்கும் கேட்க வேண்டும், பிரசங்கியார் எல்லோருக்கும் தெரிய வேண்டும் அல்லவா? பயனுக்கேற்ற உருவம் என்பதே சல்லிவனின் கொள்கை.

ஆனால் செலவுக் கணக்கு எகிறியது. திட்டத்தைக் குறைக்கச் சொன்னார்கள். சல்லிவன் இணங்கவில்லை, 1912-ல் விலகிவிட்டார். வேறொருவர் வரைபடத்தைச் சுருக்கினார். அப்போது சல்லிவனிடம் நெடுங்காலம் பணியாற்றிய ஜார்ஜ் எல்ம்ஸ்லி முன்வந்து அதைத் திருத்தினார். அலங்காரம் குறைந்தாலும் அந்த அரைவட்டம் பிழைத்தது. 1914-ல் ஆலயம் முடிந்தது. 1924-ல் சிகாகோவில், ஓர் ஓட்டல் அறையில், வறுமையில் சல்லிவன் கண்ணை மூடினார்.

2008 ஜூனில் ஆறு கரைபுரண்டு பாங்குக்குள் புகுந்தது. கட்டடம் தாக்குப் பிடித்தது. பின்னர் அதில் உணவகம் ஒன்று நடந்தது. பணம் எண்ணிய இடத்தில் பந்தி பரிமாறினார்கள்! தேவாலயத்தில் மட்டும் இன்றும் வழிபாடுதான்.

போனால் அங்கே கடைசி வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். வரைந்தவர் கோபித்துக்கொண்டு போனது உண்மைதான். ஆனால் அவர் நினைத்தபடியே, அங்கிருந்தும் பிரசங்க மேடை நன்றாகத் தெரியும்.