வழுக்குமரமும் வழவழப் பந்தும்

பேர்லயே 'பவுலி' இருக்கிற கச்சிபவுலி பக்கத்துல பதினோரு வருஷமா குப்பை கொட்டறேன். ஆனா பவுலிங் பந்தைப் பத்தி எழுதுவேன்னு கனவுலகூட நினைச்சதில்லை. எழுத வெச்சது என் பொண்ணு.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். "மால்ல பொழுதுபோகாம உருட்டறது தானே?"ன்னு ஊர்ல கேக்கறாங்க. இந்த உருட்டு 1978 பாங்காக் ஆசிய விளையாட்டுலயே இருந்தது. பலமுறை தேசிய சாம்பியனான சபீர் தன்கோட் நம்ம தமிழ்நாட்டு ஆளுதான். சரி, கதைக்கு வருவோம்.

இங்க பக்கத்து லேன்ல பொண்ணு சாதாரணமா 140, 150 எடுப்பா. அந்த தைரியத்துல பெங்களூர்ல ஒரு போட்டிக்குக் கூட்டிட்டுப் போனேன். முதல் ஆட்டம் 92. இங்க அழகா வளைஞ்சு போற பந்து, அங்க ரயில் தண்டவாளத்துல போறமாதிரி நேரா போச்சு. காச்சிகுடா ரயில்ல திரும்பி வரும்போது அம்மா கட்டிக்கொடுத்த புளியோதரையைத் தொடலை. மேல் பெர்த்ல சுவரைப் பாத்துப் படுத்துக்கிட்டு, "எனக்கு இது வராதுப்பா, விட்டுடறேன்"னா.

அப்பன்காரன் என்ன செய்வான்? பணத்தை எடுத்தான் :-) அமெரிக்காவுலேர்ந்து வர்ற நண்பன்கிட்ட, இருக்கறதுலயே விலை கூடின ஒரு பந்தை வாங்கி வரச் சொன்னேன். 12 பவுண்டு, அதாவது அஞ்சரை கிலோ. நண்பனோட பெட்டியில பாதி சாக்லேட்டுக்கு இடமில்லாமப் போச்சு. நீலமும் ஊதாவும் கலந்து முகம் பாக்கற அளவுக்குப் பளபளன்னு இருந்தது. கைக்கு அளவெடுத்துத் துளையும் போட்டாச்சு. நல்லா எண்ணெய் போட்ட லேன்ல விட்டுப் பாத்தா... அதே தண்டவாளம்!

பொண்ணு என்னைப் பாத்தா பாருங்க ஒரு பார்வை. திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்லை.

பக்கத்து லேன்ல ரொம்ப நாளா ஆடற பெரியவர் ஒருத்தர் பந்தை வாங்கி விரலால தடவினார். "இத்னா சிக்னா கைகூ, பாய்?"ன்னார். எதுக்கு இவ்வளவு வழவழன்னு? அப்புறம் ஈரானி சாய் ரெண்டு ரவுண்டு போறவரைக்கும் பாடம் நடந்தது.

ஃபவுல் கோட்டுலேர்ந்து முதல் பின் வரைக்கும் லேன் 60 அடி. அதுல முதல் 40 அடி வாக்குல எண்ணெய், மிச்சம் காஞ்ச தரை. எண்ணெய் கண்ணுக்குத் தெரியாது. அந்தக் காலத்துல மரத்தைக் காப்பாத்தப் பூசினது, இப்ப ஆட்டத்தையே அதுதான் ஆட்டி வைக்குது. சாதாரண லேன்ல நடுவுல நிறையவும் ஓரத்துல கம்மியாவும் போடுவாங்க. அதனால கொஞ்சம் தப்பா விட்டாலும் பந்து திரும்பி வந்துடும். போட்டி லேன்ல ஓரத்துலயும் தாராளமா இருக்கும். மன்னிப்பே கிடையாது.

அந்த எண்ணெய்ல பந்துக்குப் பிடிமானம் குடுக்கறது முதல்ல மேல்தோல்தான். பிளாஸ்டிக் பந்து நேரா வழுக்கும். 1980கள் தொடக்கத்துல யூரித்தேன் வந்தது. 1990கள் தொடக்கத்துல ரியாக்டிவ் ரெசின் வந்தது, அதுதான் எண்ணெயை உறிஞ்சிக்கிட்டுப் பிடிச்சு வளையும். அதுலயும் ரெண்டு ஜாதி. 'பேர்ல்' பளபளப்பா இருக்கும், ரொம்ப தூரம் வழுக்கிட்டுப் போய்க் கடைசியில திரும்பும், காஞ்ச லேனுக்கு நல்லது. 'சாலிட்' மங்கலா இருக்கும், சீக்கிரம் பிடிக்கும், எண்ணெய் லேனுக்கு அதுதான். நான் அழகு பாத்து வாங்கினது பேர்ல்!

உள்ளே இருக்கற கோர் ரெண்டாவது. ஆர்.ஜி. கம்மியா இருந்தா பந்து சீக்கிரம் உருள ஆரம்பிக்கும். டிஃபரன்ஷியல் கூட இருந்தா ஒவ்வொரு சுத்துக்கும் புது இடம் தரையைத் தொடும், பிடிமானம் கூடும். ஆனா தோல் வழுக்கினா கோரால ஒண்ணும் பண்ண முடியாது.

"அப்ப வேற பந்து வாங்கணுமா?"ன்னேன், வயித்துல புளி கரைய. பெரியவர் சிரிச்சுட்டு, பையிலேர்ந்து 1000 கிரிட் உப்புத்தாள் வட்டு ஒண்ணை எடுத்துக் குடுத்தார்.

அப்பதான் எனக்கு எங்க ஊர் கிருஷ்ண ஜெயந்தி வழுக்குமரம் ஞாபகம் வந்தது. எண்ணெய் தடவின மரத்துல ஏற பலசாலிகள் எல்லாம் முட்டி மோதுவாங்க. கடைசியில மடியில மணலைக் கட்டிக்கிட்டு வர்ற ஒல்லிப் பையன் உச்சிக்குப் போயிடுவான். பலம் இல்லீங்க, சொரசொரப்பு!

அன்னிக்கு ராத்திரி பால்கனியில தண்ணி ஊத்தி அரைமணி நேரம் பொண்ணே தேய்ச்சா. "புதுப் பந்தை ஏன்டி இப்படிச் சுரண்டறே?"ன்னு வீட்டம்மா வாசல்ல நின்னு புலம்பினாங்க. பளபளப்பு போய்ப் பந்து பழைய ஈயப் பாத்திரம் மாதிரி ஆச்சு. தேய்ச்ச பேர்ல் நல்ல சாலிடுக்குச் சமம் ஆகாதுதான். ஆனா மறுநாள் லேன்ல 40 அடி தாண்டினதும் பந்து தலையைத் திருப்பிச்சு பாருங்க, எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு.

பெரியவர் ஒரு கணக்கும் சொல்லிக் குடுத்தார். எண்ணெய் நீளத்துல 31ஐக் கழிச்சா பந்து எந்தப் பலகைகிட்ட திரும்பணும்னு தெரியும். 42 அடின்னா, வலது கைக்காரங்களுக்கு வலப்பக்கத்துலேர்ந்து 11ஆம் பலகை. எண்ணெய் நீளம் ஆக ஆக, ஓரத்தை விட்டு உள்ளே வந்து ஆடணும்.

அடுத்த போட்டியில அவ ஜெயிக்கலை. நடுவுலதான் வந்தா. முதல் ஆட்டம் 148. ஆனா திரும்பி வரும்போது மேல் பெர்த்லேர்ந்து கை நீட்டி, "புளியோதரை இருக்காப்பா?"ன்னா.

பி.கு: யாராச்சும் குழந்தைக்குப் பந்து வாங்கறதா இருந்தா மூணு விஷயம். காஞ்ச லேன்ல சொரசொரப் பந்து சீக்கிரமே வளைஞ்சு சக்தி போயிடும், அதனால லேனைப் பாத்துத் தேய்க்கணும். ஒவ்வொரு தடவை விட்டதும் துண்டால எண்ணெயைத் துடைக்கணும், இல்லேன்னா பந்து செத்துடும். போட்டி ஆரம்பிச்சப்புறம் உப்புத்தாளைத் தொடக்கூடாதுன்னு விதி, அதனால வீட்டுலயே முடிச்சுடுங்க. வீட்டம்மா தூங்கினப்புறம் :-)