களையும் கையும்

கொல்கத்தாவின் சமையலறைகளில் உருளைக்கிழங்கு இல்லாத நாள் அரிது. மீன் குழம்பிலும் அது உண்டு, பிரியாணியிலும் உண்டு. நகரை அடுத்துள்ள ஹூக்ளி மாவட்டத்தில் அது பெருமளவில் விளைகிறது. நெல் அறுவடைக்குப்பின் நவம்பரில் நடப்படும் கிழங்கு, பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் தோண்டி எடுக்கப்படுகிறது.

உருளைச் செடி களைகளால் மிகுதியும் நலிவது முதல் 4 முதல் 6 வாரங்களில்தான். இலைகள் படர்ந்து நிலத்தை மூடும்வரை நீரையும் எருவையும் ஒளியையும் களைகள் பறித்துக்கொள்ளும். கைக்களை ஒன்றினாலேயே இக்காலத்தைக் கடக்க ஆள் பலர் வேண்டும், கூலியும் மிகும். எனவே உழவர் பலர், கிழங்கை நட்ட சில நாள்களில், முளை வெளிவருமுன், ஈரமண்ணின்மீது மெட்ரிபூசின் என்னும் களைக்கொல்லியைத் தெளிக்கின்றனர். அது சிறு களைகளை முளையிலேயே அடக்குகிறது.

ஆயினும் பணி அத்துடன் முடிவதில்லை. கோரைப்புல் அம்மருந்துக்கு எளிதில் அடங்காது. மண்ணுக்குள் இருக்கும் தன் கிழங்கிலிருந்து மீண்டும் தழைக்கும். களைக்கொட்டால் அதனைக் கிழங்கோடு தோண்டி எடுக்க வேண்டும். நட்ட 25 முதல் 30 நாள்களில் களையெடுத்து, செடியின் அடியில் மண் அணைப்பர். மண் அணைக்காவிடில், வெளியே தெரியும் கிழங்கு வெயில் பட்டுப் பச்சையாகி, நஞ்சேறி, உண்ணத் தகாததாகிவிடும்.

அவ்வயல்களில் தானாக முளைக்கும் சக்கரவர்த்திக் கீரையை வங்காளிகள் ‘பேத்தோ சாக்’ என்று கூறிச் சமைத்து உண்பர். உழவருக்கு அது களை. பறிக்கும் பெண்களுக்கோ அன்றைய கறி. மருந்து தெளித்த வயலில் அக்கீரை அவர்களுக்குக் கிடைப்பதில்லை. களையெடுக்கும் நாள்கள் குறைந்தால் அவர்களது கூலியும் குறைகிறது. மேலும், ஒரே மருந்தை ஆண்டுதோறும் தெளித்துவந்தால், அதற்கு அடங்காத களைகளே வயலில் பெருகும்.

பழந்தமிழில் களையெடுத்தலைக் ‘களை கட்டல்’ என்பர். திருக்குறளின் ‘உழவு’ அதிகாரமும் எரு, நீர், காவல் ஆகியவற்றோடு அதனைச் சேர்த்தே பேசுகிறது. எது களை, எது கீரை என்று மருந்து அறியாது. வயலில் குனிந்து வேலை செய்பவர் அறிவர். உரிய காலத்தில், உரிய அளவில், முகத்தையும் கையையும் மூடித் தெளிக்கும் மருந்து உழவரின் சுமையைக் குறைக்கும். எஞ்சியதைக் கண்டு களைய மனிதக் கை என்றும் வேண்டும்.

சிந்தித்து எழுதுக:
1. கோரையை மருந்தால் மட்டும் ஒழிக்க இயலாதது ஏன்?
2. ஒருவருக்குக் களையாக இருப்பது மற்றவருக்கு உணவாவதற்கு வேறோர் எடுத்துக்காட்டு தருக.