ரெண்டு டிகிரி குனிவு

எங்கள் ஊர்க்காரர்களுக்கு மோட்டார்ப் பைத்தியம் சிறுவாணித் தண்ணீரிலேயே கலந்து வருகிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம். மாருதி 800 இன்ஜினை வைத்து 'ஃபார்முலா மாருதி' ரேஸ் கார் கட்டிய கரிவரதன் கோவைக்காரர். 1995-ல் விமான விபத்தில் அவர் மறைந்த பிறகு, 2003-ல் செட்டிபாளையத்தில் திறந்த ரேஸ் டிராக்குக்கு அவர் பெயரைத்தான் வைத்தார்கள். 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயனும் நம்மூர்ப் பையன்தான்.

அந்த வரிசையில் மூன்றாவதாக நிற்க ஆசைப்பட்ட பி.காம். பட்டதாரி, அடியேன்!

பொள்ளாச்சித் தோப்பில் தேங்காய் சுமந்து ஓய்ந்த ஜீப் ஒன்று அப்பாவிடம் இருந்தது. அதை சினிமா ஜீப் மாதிரி உசத்திவிடத் தீர்மானித்தேன். ஆக்ஸிலுக்குக் கீழே இருக்கும் பட்டை ஸ்பிரிங்கை மேலே மாற்றினால், வண்டி நாலைந்து அங்குலம் உயரும். ஒரு பட்டறையில் பழைய பிராக்கெட்டுகளை அறுத்தெறிந்து, புதுசை ஆக்ஸில் தலையில் பற்றவைத்துக் கொடுத்தார்கள்.

பார்க்கக் கம்பீரம்தான். ஆனால், ஐம்பதைத் தாண்டினால் ஓடும் கிரைண்டர் மேல் உட்கார்ந்த மாதிரி நடுக்கம். அதைவிடக் கொடுமை, முழங்கால் வலிக்காரரான அப்பா காலைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார், முடியவில்லை. "நீயே ஓட்டிக்க சாமி" என்று திண்ணைக்குத் திரும்பிவிட்டார். சொந்த வண்டியில் ஏற முடியாத மனுஷனின் முகத்தை மூன்று மாதம் பார்த்தேன். போதாததற்கு, 'கம்பெனி அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாதுன்னு 2019-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சே' என்று வக்கீல் நண்பர் வேறு வயிற்றில் புளியைக் கரைத்தார்.

பழைய உயரத்துக்கே இறக்கிவிட முடிவு செய்து, கணபதியில் ஒரு மிஸ்திரி அண்ணனிடம் போனேன். அவர் சுத்தியலைத் தொடவில்லை. ரசமட்டம் வைத்த கோணமானியை எடுத்தார்.

"இறக்கறது பெருசில்லீங்க தம்பி. பிராக்கெட்டை என்ன சாய்மானத்துல வெக்கறோம்ங்கறதுதான் சூட்சுமம். ஜாயிண்ட் ஷாஃப்ட்டுக்கு ரெண்டு முனையிலயும் கிராஸ் இருக்குதுங்களா? சாஞ்சு சுத்தறப்ப, ஒரு சுத்துக்கு ரெண்டு தடவை வேகம் கூடிக் குறையும். முன்னாடி எத்தனை கோணமோ, பின்னாடியும் அத்தனையே இருந்தா, இது பண்ற தப்பை அது நேர் பண்ணீரும். இல்லீன்னா நடுக்கம்தான். நீங்க பி.காமுங்களே... பற்றும் வரவும் டேலி ஆகோணுமில்லீங்க?"

நாலு வருஷம் காலேஜில் புரியாத கணக்கு... மன்னிக்கவும், மூணு வருஷம்தான்... அன்றைக்குப் புரிந்தது.

"ஆனா, இஞ்சின் இழுக்கறப்ப ஆக்ஸில் மூக்கைத் தூக்கும். அதனால ரெண்டு டிகிரி குனிஞ்சாப்பலயே வெக்கோணுங்க."

அவசரப்பட்டு முழுசாகப் பற்றவைக்கவில்லை அவர். நாலு இடத்தில் புள்ளி வைத்து, வண்டியைச் சக்கரத்தில் இறக்கினார். பாரம் ஏறினால்தான் ஸ்பிரிங் படியுமாம். படிந்தால் கோணமும் மாறுமாம்.

"பக்கத்துல எப்பவும் யாருங்க உக்காருவாங்க?"

"அப்பா" என்றேன், கொஞ்சம் மென்று விழுங்கி.

"அப்ப அவரைக் கூட்டிட்டு வாங்க. அளக்கோணும்."

அப்பா வந்தார். கம்பியைப் பிடித்தார். ஒரே மூச்சில் ஏறி உட்கார்ந்துவிட்டார்! மிஸ்திரி கீழே படுத்து அளந்தார். ரெண்டு டிகிரி. இம்மி பிசகவில்லை.

"முடிஞ்சுதுங்கய்யா, இறங்கிக்கலாம். வெல்டிங் வெக்கோணும்."

அப்பா அசையவில்லை. டாஷ்போர்டைத் துண்டால் துடைத்தபடி சொன்னார்:

"அவசரமில்லைன்னா, இன்னும் சித்த நேரம் உக்காந்துக்கறேனுங்க!"