அப்பா தோற்ற சண்டைகள்

அப்பா வேட்டி கட்டியிருந்தால் பஜார் ரோட்டுக்கு. பேண்ட் போட்டிருந்தால் மலைக்கு. சின்ன வயதில் எனக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான். மலை என்றால் அடிமாலி, கட்டப்பனை, வண்டன்மேடு. பேண்ட் போடும் நாளில் பெல்ட்டை வழக்கத்தைவிட ஒரு துளை இறுக்குவார், சட்டையை வெளியே விடுவார். மட்டாஞ்சேரியின் புழுக்கத்தில் அந்தச் சட்டைக்குள் இன்னொரு பனியனும் இருக்கும். அந்த நாட்களில் அம்மா அவரோடு அதிகம் பேசமாட்டாள்.

எங்கள் தாத்தா போடிநாயக்கனூரிலிருந்து ஏலக்காய் மூட்டையோடு கொச்சிக்கு வந்து, யூதத் தெருவுக்கு அந்தப் பக்கம் ஒரு பண்டகசாலையை வாடகைக்குப் பிடித்து அங்கேயே தங்கிவிட்டவர். வீட்டுக்குள் தமிழ், தெருவில் மலையாளம், வியாபாரம் குஜராத்திகளோடும் கொங்கணிக்காரர்களோடும். அப்பா காலத்தில் மிளகு கைமாறிய இடத்திலேயே பணமும் கைமாற வேண்டும். மலையில் இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் காசோலையை வாங்கிக்கொண்டு எந்த வங்கிக்குப் போவார்? பை நிறைய ரொக்கத்தோடு ஜீப்பில் போய், மூட்டைகளோடு திரும்ப வேண்டும். ஒருமுறை அப்பாவின் பங்காளியை நேரியமங்கலம் காட்டுப் பாதையில் மறித்து அடித்துப் பையைப் பிடுங்கிக்கொண்டார்கள். அவருக்கு ஒரு காது பிறகு கேட்கவே இல்லை. அதற்கப்புறம்தான் அப்பா கைத்துப்பாக்கி உரிமத்துக்கு எழுதிப்போட்டார். விசாரணை, சிபாரிசு, மறுபடி விசாரணை என்று ஒரு வருடத்துக்கு மேல் ஓடி, 1979-ல் உரிமம் வந்தது. பீர்மேட்டில் ஓய்வுபெற்றுப் போகவிருந்த எஸ்டேட் மேனேஜர் ஒருவரிடமிருந்து, அதிகாரிகளின் அனுமதியோடு, பழைய வெப்லி அண்ட் ஸ்காட் பிஸ்டல் ஒன்றை வாங்கினார். பிரிட்டனின் பர்மிங்ஹாமில் செய்தது. .32 குழல், மேகசினில் எட்டுத் தோட்டா. காலியாக இருக்கும்போது அறுநூறு கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. நிரப்பினால் கொஞ்சம் கூடுதல்.

நம் நாட்டில் தனியார் வைத்திருக்கும் கைத்துப்பாக்கி பெரும்பாலும் இந்த .32 தான். ராணுவமும் போலீசும் பயன்படுத்தும் 9 எம்.எம். போன்ற அளவுகள் சாதாரணக் குடிமகனுக்குத் தடை. எண்பதுகளின் நடுவில் இறக்குமதியும் நின்றுபோனதால், வெள்ளைக்காரன் காலத்துப் பழைய பிஸ்டல்கள் இன்று பல லட்சத்துக்குப் போகின்றன. அப்பா அதன் விலையைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. அவர் பேசியதெல்லாம் துருவைப் பற்றித்தான். காயலின் உப்புக் காற்று ஒரு பக்கம், இடுப்பின் வேர்வை இன்னொரு பக்கம். ஜூன் மாதம் மழை பிடித்தால் ஞாயிறு தவறாமல் தரையில் செய்தித்தாள் விரிப்பார். மேகசினைக் கழற்றித் தூர வைப்பார். மேல்பகுதியைப் பின்னால் இழுத்து, தோட்டா நிற்கும் அறை காலியா என்று கண்ணால் பார்த்து, பிறகு சுண்டுவிரலை உள்ளே விட்டும் பார்ப்பார். "கண்ணு பொய் சொல்லும், விரல் சொல்லாது" என்பார். எட்டுத் தோட்டாவையும் வரிசையாக நிறுத்தி எண்ணுவார். அந்த எண்ணெய் வாசனை சுக்கு, மிளகு வாசனையோடு கலந்து வீட்டில் நிற்கும். இன்றைக்கும் தையல் மிஷின் எண்ணெய் வாடை எங்காவது வந்தால் எனக்கு அப்பா வந்துவிடுவார்.

அது சிங்கிள் ஆக்‌ஷன் வகை. விசையை இழுத்தால் மட்டும் ஒன்றும் நடக்காது; முதலில் பின்னால் இருக்கும் குதிரை ஏறி நிற்க வேண்டும். குதிரை ஏறியபின் விசைக்கு இருக்கும் வேலை அதை அவிழ்த்துவிடுவது ஒன்றுதான், அதற்கு விரலின் சிறு அசைவு போதும். அதனால் இந்த வகையைச் சுமப்பவர் ஒரு முடிவுக்கு வர வேண்டும். அறையில் தோட்டாவை ஏற்றி, குதிரையையும் ஏற்றி, பூட்டைப் போட்டு நடப்பது ஒரு வழி. அறையைக் காலியாக வைத்து, தேவைப்பட்டால் மேல்பகுதியை இழுத்துக்கொள்ளலாம் என்று நடப்பது இன்னொரு வழி. அப்பா சுமந்தவரை இரண்டாவது வழிதான். "இழுக்கிறதுக்கு ரெண்டு செகண்ட் ஆகும். அந்த ரெண்டு செகண்ட் எனக்கு வேணும்" என்று பிற்காலத்தில் சொன்னார். எதிரி அவருக்கு அந்த இரண்டு விநாடியைக் கொடுப்பானா என்று கேட்டேன். எதிரியைப் பற்றி அவர் சொல்லவில்லை என்பது எனக்குப் புரிய வருடங்கள் ஆயின.

தமிழ்நாட்டுப் பாடப் புத்தகம் படித்து வளராவிட்டாலும், பிஸ்டல் என்ற சொல்லைக் கேட்டால் எங்கள் வீட்டிலும் மணியாச்சிதான் ஞாபகம் வரும். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் சந்திப்பில் திருநெல்வேலி கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன் செங்கோட்டைக்காரர். புனலூர்க் காட்டிலாகாவில் வேலை பார்த்தவர். அந்த இரண்டு ஊரும் அன்று திருவிதாங்கூர். அவர் துணிக்குள் மறைத்துக் கொண்டுபோனது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் பிஸ்டல். அதே 1911 மார்ச்சில்தான் ஜான் பிரௌனிங் வடிவமைத்த கோல்ட் பிஸ்டலை அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்டது. அப்பாவிடம் இருந்த வெப்லி வகையை லண்டன் பெருநகரப் போலீஸ் எடுத்துக்கொண்டதும் அந்த வருடமே. சட்டைக்குள் அடங்கும் துப்பாக்கி உலகெங்கும் இடுப்பேறிய காலம் அது. நான் பத்து வயதில் கேட்டேன்: "வாஞ்சி வெச்சிருந்தது இது மாதிரியாப்பா?"

அப்பா துடைத்துக்கொண்டிருந்த துணியை மடித்தார். "அவரு திரும்பி வர்றதுக்குப் போகல தம்பி. நான் திரும்பி வரணும். ரெண்டும் ஒண்ணு இல்ல."

மணியாச்சியைவிட அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்த இன்னொரு சம்பவம் உண்டு. அன்றைய கொச்சித் துறைமுகத்தில் வேலை கேட்டு நிற்கும் கூட்டத்துக்கு நடுவே 'சாப்பா' என்ற உலோக வில்லைகளை வீசியெறிவார்கள். அடித்துப் பிடித்து எடுத்தவனுக்கு அன்று கூலி. எடுக்காதவன் வீட்டில் பட்டினி. அதை எதிர்த்துத் தொழிலாளர்கள் போராடியபோது 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் போலீஸ் சுட்டது. சைது, சைதலவி, ஆன்றணி என்று மூன்று பெயர்களை இந்த ஊர் இன்றும் சொல்கிறது. ராஜீவ் ரவியின் 'துறமுகம்' படம் அந்தக் கதைதான். அப்பாவுக்கு அப்போது பதினோரு வயது. தாத்தா பண்டகசாலைக் கதவைச் சாத்தி, பையனை மிளகு மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார வைத்திருக்கிறார். சத்தம் நின்று வெகுநேரம் கழித்துக் கதவைத் திறந்தபோது தெருவில் செருப்புகள் கிடந்தனவாம். ஆளில்லாத செருப்புகள். துப்பாக்கி என்ன செய்யும் என்று யாராவது அளந்தால் அப்பா எழுந்து போய்விடுவார்.

இனி அந்தச் சண்டைக்கு வருகிறேன். 1982, எனக்குப் பதினொன்று. பள்ளிவிட்டுப் பண்டகசாலைக்குப் போயிருந்தேன். மிளகில் 'லிட்டர் வெயிட்' என்று ஒன்று உண்டு. ஒரு லிட்டர் அளவு மிளகு எத்தனை கிராம் நிற்கிறது என்பது. நல்ல மலபார் மிளகு 550 நிற்க வேண்டும். அப்பா கொடுத்த சரக்கு 520 தான் நிற்கிறது என்று ஒரு தரகர் வந்து கத்தினார். சாம்பிள் எடுத்த மூட்டை நம்முடையதே இல்லை என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அவர் கத்திக்கொண்டே ஒரு பிடி மிளகை அள்ளி அப்பாவின் முகத்தில் எறிந்தார். சுமைதூக்கும் சேட்டன்மார் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, கையிரண்டையும் மார்புக்கு முன்னால் கொண்டுவந்து கட்டிக்கொண்டு, "சரி, என் தப்பாவே இருக்கட்டும். வித்தியாசத்தைக் கழிச்சுக்குங்க" என்றார்.

அன்று அவர் பேண்ட் போட்டிருந்தார். நான் அதைக் கவனித்தேன், ஆனால் கணக்குப் போடவில்லை. மதியம் மலையிலிருந்து திரும்பி நேரே அங்கே வந்திருக்கிறார். வீட்டுக்கு நடக்கும்போது நான் அவர் கையைப் பிடிக்கவில்லை. என் அப்பா ஒரு கோழை என்று நினைத்தேன். அந்த நினைப்பை வெளியே சொல்லாமல் வெகுகாலம் வைத்திருந்தேன் என்பதை இப்போது எழுதக்கூடக் கூசுகிறது.

உரிமம் வைத்திருப்பவர் எழுபது வயதைத் தொட்டாலோ, ஆயுதத்தை இருபத்தைந்து வருடம் வைத்திருந்தாலோ, வாரிசின் பெயரில் அதற்கு உரிமம் கேட்க 2016-ன் ஆயுத விதிகள் இடம் தருகின்றன. அப்பாவுக்கு எழுபத்தைந்து நடக்கும்போது, 2017-ல், பயிற்சிச் சான்றிதழும் மருத்துவச் சான்றிதழும் வாங்கிக் காக்கநாட்டுக் கலெக்டர் அலுவலகத்துக்கு நடந்து, நான் என் பெயருக்கு மாற்றிக்கொண்டேன். அமெரிக்காவில் சட்டைக்கடியில் மறைத்துச் சுமப்பது ஒரு உரிமையாக வாதிடப்படுகிறது. டெக்சாஸில் இருக்கும் என் அத்தை மகனுக்கு 2021 செப்டம்பரிலிருந்து அதற்கு உரிமச் சீட்டே தேவையில்லை. இங்கே மறைப்பது கடமை. பொது இடத்தில் கைத்துப்பாக்கி உறைக்குள் இருக்க வேண்டும், முழுதும் மூடியிருக்க வேண்டும், சுமப்பவரின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்கிறது நம் விதி. பிறர் கண்ணில் படும்படி ஆட்டிக் காட்டினால் குற்றம். கல்யாணத்தில் வானத்தைப் பார்த்துச் சுட்டாலும் 2019 திருத்தத்துக்குப் பிறகு சிறை உண்டு.

சுமக்கத் தொடங்கியபின்தான் அப்பாவின் வாழ்க்கை எனக்குப் புலப்பட்டது. அரண்மனை வளாகத்துப் பழையன்னூர் பகவதி கோயிலுக்கு அவர் ஏன் சில நாட்களில் வராமல் வாசலோடு நின்றார்? கேரளத்துக் கோயில்கள் பலவற்றில் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். டிசம்பர் 31 இரவு ஃபோர்ட் கொச்சியில் பாப்பாஞ்சி பொம்மையை எரிப்பதைப் பார்க்க ஊரே திரளும்போது எங்களை மட்டும் சித்தப்பாவோடு அனுப்பியது ஏன்? கூட்டத்தில் எவன் கை எங்கே படும் என்று சொல்ல முடியாது, அந்தப் பொருளை ஆளில்லாத வீட்டில் விட்டுவிட்டு வரவும் அவருக்கு மனம் வராது. கல்யாண வீட்டில் ஒரு வாய் குடித்ததில்லை. குழந்தைகளை இடுப்பில் தூக்கியதில்லை. பிஸ்டல் வந்தபின் என்னை அவர் தூக்கியதெல்லாம் தோளில்தான். அது பாசத்தின் உயரம் என்று நினைத்திருந்தேன். பாசம்தான், சந்தேகமில்லை.

2019-ல் தோப்பும்படிப் பாலத்தில் என் காரை ஒருவர் பின்னாலிருந்து இடித்தார். இறங்கினேன். இடித்தவர்தான் கத்தினார். என் சட்டைக் காலரைப் பிடித்துக் கார்மேல் சாய்த்தார். சட்டை மேலே ஏறுவதை உணர்ந்தேன். அந்த நொடியில் எனக்குள் கோபம் வரவில்லை. வந்தது பயம்; அவர்மேல் இல்லை. அவர் கை இன்னும் ஒரு சாண் கீழே வந்தால், என் கை அதைத் தடுக்கப் போனால், பாலத்தில் நிற்கும் இத்தனை பேரில் ஒருவர் துப்பாக்கியைப் பார்த்து "தோக்கு!" என்று கூவினால், பிறகு நடப்பதெதுவும் என் கையில் இருக்காது. என் இரண்டு கையும் தானாக மார்புக்கு முன்னால் வந்து கட்டிக்கொண்டன. "தப்பு என்னோடதுதான் சேட்டா, மன்னிச்சிருங்க" என்றேன். கட்டிய கைகளைக் குனிந்து பார்த்தபோதுதான் அவற்றை எங்கே பார்த்திருக்கிறேன் என்று தெரிந்தது.

பின்சீட்டில் என் மகன் இருந்தான். பன்னிரண்டு வயது. "ஏம்பா நீ ஒண்ணுமே சொல்லல? அவன்தானே இடிச்சான்?" என்றான். வீட்டில் இப்படியொரு பொருள் இருப்பது பிள்ளைகளுக்குத் தெரியக் கூடாது என்பது என் முடிவு. பள்ளியில் ஒரு வார்த்தை சிந்தினால் போதும். அதனால் பதில் சொல்லவில்லை. கண்ணாடியில் அவன் என்னைப் பார்த்த பார்வை எனக்குத் தெரிந்த பார்வை.

அன்று இரவு அப்பாவிடம் போய் உட்கார்ந்தேன். பாலத்தைச் சொன்னேன், பிறகு மிளகைச் சொன்னேன். அவருக்கு அந்த நாள் மறந்திருக்கவில்லை. "இடுப்புல அது இருக்கறப்போ எல்லாச் சண்டையிலயும் நீதான் தோக்கணும். சின்னச் சண்டையில தோத்தாத்தான் பெரிய சண்டை வராது. நான் நாப்பது வருஷமா தோத்திருக்கேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நீ அன்னிக்கு என் கையைப் பிடிக்கல" என்றார். 2021-ல் போய்விட்டார்.

வாஞ்சிக்கும் பிறகு எத்தனையோ பேருக்கும் இடுப்பில் இருந்த துப்பாக்கி துணிவைக் கொடுத்ததாகச் சொல்வார்கள். மலைக்குப் போய்த் திரும்பும் வியாபாரிக்கு அது கொடுத்தது வேறு. எங்கள் வீட்டில் அது உயிருக்குக் காவல் இருந்தது என்று சொல்ல என்னிடம் ஒரு சம்பவம்கூட இல்லை. அது எடுத்துக்கொண்டவற்றுக்குத்தான் சாட்சி இருக்கிறது: அப்பாவின் கோபம், உரத்த குரல், கோயில், கூட்டம், அவர் தரப்பு நியாயம். தேர்தல் வந்தால் உரிமம் உள்ள ஆயுதங்களையும் ஒப்படைக்கச் சொல்வார்கள். அப்பா எர்ணாகுளத்துத் துப்பாக்கிக் கடையின் காப்பறையில் வைத்துவிட்டு ரசீதோடு வருவார். அந்த ஒன்றிரண்டு மாதம் வீட்டில் வேறொரு மனிதர் இருப்பார். மீன்காரியிடம் பேரம் பேசுவார், ஆட்டோக்காரரிடம் சண்டை போடுவார், பாட்டுகூடப் பாடுவார். அம்மா, "எலெக்‌ஷன் வந்தாத்தான் எனக்குப் புருஷன்" என்பாள். அதன் முழு அர்த்தம் அவளுக்குத் தெரிந்திருந்தது, எங்களுக்குத்தான் தெரியவில்லை.

2024 மக்களவைத் தேர்தலுக்கு நானும் கொண்டுபோய்க் கொடுத்தேன். இங்கே ஏப்ரல் 26-ல் வாக்குப்பதிவு. இப்போது ஏலக்காய் புத்தடியிலும் போடியிலும் மின்னணு ஏலத்தில் போகிறது, மிளகுக்குப் பணம் எடை போட்ட நிமிடமே வங்கிக் கணக்கில் விழுகிறது. ரொக்கப் பை என்ற ஒன்றை நான் தூக்கி வருடங்களாயின. தேர்தல் முடிந்து ரசீதோடு போனேன். கடைக்காரர் துணி விரித்து எடுத்து வைத்தார். கறுப்புக் கைப்பிடியின் ஒரு பக்கம் அப்பாவின் உள்ளங்கையால் வழவழத்திருந்தது. அதன்மேல் என் கையை வைத்தேன். நெடுநேரம் எடுக்கவில்லை. அப்புறம், உரிமம் உள்ள வேறொருவருக்கு விற்க என்ன படிவம் என்று கேட்டேன்.

விற்று முடிய மாதங்கள் ஆயின. அது கைமாறிய வாரத்தில் மகனைக் கூட்டிக்கொண்டு மட்டாஞ்சேரி ஜெட்டிப் பக்கம் நடந்தேன். கல்லூரிக்குச் சேரப்போகிறவன், பதினெட்டாகிவிட்டது. பாலத்துச் சம்பவத்தைச் சொன்னேன். அன்றைக்கு என் சட்டைக்கு அடியில் என்ன இருந்தது என்று சொன்னேன். அவன் நடப்பதை நிறுத்திவிட்டுக் காயலைப் பார்த்தான். ஒரு படகு வந்து கட்டும்வரை ஒன்றும் பேசவில்லை.

"தாத்தாவும் அப்படித்தானா?" என்றான்.

"தாத்தா நாப்பது வருஷம்" என்றேன்.

நடக்கத் தொடங்கியபோது அவன் என் கையைப் பிடித்திருந்தான்.