மருதமுனைச் சாரமும் கொழும்புக் கடைத்தொகுதியும்

வெளிநாட்டிலிருந்து வரும் நண்பர்கள் புறப்படுமுன் தவறாமல் கேட்பது ஒன்று: "இங்கிருந்து நினைவாக எதைக் கொண்டுபோகலாம்?"

கொழும்பில் விடை இலகுவானது. குளிரூட்டிய கடைத்தொகுதிகளில் மரயானை, முகமூடி, தேயிலைப் பெட்டி என எல்லாவற்றையும் அழகாகப் பொதிசெய்து தருவார்கள். அங்கே பேரமில்லை, பேச்சுமில்லை.

சம்மாந்துறை வயல் சூழ்ந்த ஊர். ஆகவே, வருவோரைக் கல்முனைச் சந்தைக்கும் அதற்கு வடக்கேயுள்ள மருதமுனைக்கும் அழைத்துச் செல்வேன். மருதமுனை கைத்தறிக்குப் பேர்போனது. 1977இன் திறந்த பொருளாதாரத்தோடு மலிவான இறக்குமதித் துணிகள் வந்து குவிய, தறிகள் பல ஓய்ந்தன. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை அக்கரையோரத்தைச் சிதைத்தது. அதன் பின்னரும் அங்கே நெசவு நின்றுவிடவில்லை.

அண்மையில் வந்த நண்பர் சாரமொன்றை எடுத்து, பாதி விலைக்குக் கேட்டார். முதியவரான நெசவாளர் கோபிக்கவில்லை. "கொழும்பில ஒட்டின விலையக் குடுக்கிற நீங்க, தறியடிக்கு வந்துதானே தம்பி குறைக்கச் சொல்றீங்க?" என்றார். நண்பர் முழு விலையையும் கொடுத்தார்.

பேரம் சந்தையின் மரபு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால், கடைத்தொகுதியில் நாம் செலுத்தும் பணத்தில் வாடகையும் விளம்பரமும் பங்கு கேட்கின்றன. தறியடியில் கொடுப்பதோ நேரே நெய்தவர் கைக்குப் போகிறது. அங்கே நாம் குறைக்கும் நூறு ரூபாய், அவருடைய மகன் தறியில் அமர்வானா, வளைகுடாவுக்கு விமானம் ஏறுவானா என்ற கணக்கில் சேர்கிறது. ஊருக்கு வருவோர் இதை மனத்திற் கொள்ள வேண்டுகிறேன்.