ஸ்பீக்கரை அணைங்க, பறையை எடுங்க!

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் 'பெப் பேண்டு' என்று ஒரு கூட்டம் உண்டு. ட்ரம்பெட், ட்ரம்போன், ட்ரம்ஸ் சகிதம் மாணவர்களே கேலரியில் உட்கார்ந்திருப்பார்கள். பந்து ஆட்டத்தில் இருக்கும்வரை வாசிக்கக் கூடாது. டைம் அவுட் என்றதும் வெடிக்கலாம். தேசியத் தொடரில் ஓர் அணிக்கு 29 வாத்தியக்காரர்கள்தான் அனுமதி.

இதற்கு நெருங்கிய சொந்தம் நமக்கு அக்கரையில் இருக்கிறது, கிரிக்கெட்டில். யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸும் 1904 முதல் மோதும் 'வடக்கின் பெரும் சமர்' பேண்டு வாத்தியம் இல்லாமல் களைகட்டாது. கொழும்பில் இந்த பேண்டு இசைக்குப் 'பப்பரே' என்று பெயர். ஒரு விக்கெட் விழட்டும், கேலரியே எழுந்து ஆடும்.

இங்கே ஸ்ரீபெரும்புதூரை அடுத்த வல்லம் வடகால் பக்கம் இளசுகளுக்கா பஞ்சம்? சிப்காட்டில் 2024இல் திறந்த பெண் தொழிலாளர் விடுதியில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். சுற்றிலும் கல்லூரிகள் வேறு. ஆனால் கூடைப்பந்து மேட்ச் என்றால் ஆளுயர ஸ்பீக்கர், அதில் ஒரே பிளேலிஸ்ட். ஃப்ரீ த்ரோ போடும்போதுகூடக் குத்துப்பாட்டு! (பாவம், அந்தப் பையன் ரெண்டையும் விட்டுட்டான்.) ஸ்பீக்கருக்கு ஸ்கோர் தெரியாது. வாசிக்கிறவனுக்குத் தெரியும், நாலு பாயின்ட் பின்தங்கினால் அவன் கை தானாக வேகமெடுக்கும்.

பறை பழகும் மாணவர்கள் இப்போது நிறையக் கல்லூரிகளில் இருக்கிறார்கள். அடுத்த டோர்னமென்ட் நடத்தப்போகும் பி.டி. சார்களே, மேடங்களே, கேலரியில் ஒரு வரிசையை அவங்களுக்கு ஒதுக்குங்க.