மல்லர் படமும் சொந்த ஊரும்

பள்ளியிலிருந்து வந்த படிவத்தில் 'சொந்த ஊர்' என்றொரு கட்டம். பத்து வயது மகன் அதில் மயூர் விஹார் என்று எழுதி வைத்திருந்தான். குளித்தலை என்று திருத்தச் சொன்னோம். "நான் அங்கே பிறக்கவில்லையே, அப்பா!" என்றான். எங்களுக்கு விடை தோன்றவில்லை.

ஜப்பானியச் சித்திரக் கதைகளில் அவனுக்குப் பெரும் பித்து. ஆகவே, விடுமுறை நாளொன்றில் லஜ்பத் நகரிலுள்ள ஜப்பான் ஃபவுண்டேஷன் நூலகத்துக்கு அழைத்துச் சென்றோம். 2018 டிசம்பர் இறுதியில் திறந்த மெட்ரோத் தடம், யமுனையைக் கடந்து, வண்டி மாறாமலே கொண்டு சேர்க்கிறது. (ரெயில்வே குமாஸ்தாக்களாகிய எங்கள் பாஸ் அதில் செல்லாது என்பதே குறை!)

அங்கே அவன் விரித்த பெரிய புத்தகம் முழுவதும் மல்லர்கள். ஓவியர் வரைய, செதுக்குவோர் மரப்பலகையில் வெட்ட, நிறத்துக்கொரு பலகையாக மை பூசிக் காகிதத்தில் ஒற்றிய படங்கள். இன்று டோக்கியோ எனப்படும் எடோ நகரில், 1780களில் காட்சுகவா ஷுன்ஷோவும் அவர் மாணாக்கரும் இவற்றை வரைந்தனர். எளிய மக்களும் வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டனர். மலைபோன்ற வயிறு, சின்னஞ்சிறு கண்கள், அருகில் மல்லனின் பெயர். பல படங்களில் நாட்டின் பெயரும் உண்டு.

அந்த நாட்டின் பெயரில்தான் வியப்பு. 1767இல் ஷினானோ நாட்டில் பிறந்தவன் ரைடன். 254 வெற்றி, 10 தோல்வியே கண்ட மாவீரன். ஆயினும் போட்டிப் பட்டியலில் அவன் பெயருக்கு மேல் இருந்தது, அவனுக்குச் சோறிட்ட மாட்சுவே பிரபுவின் இஸுமோ நாடு! இந்நாளிலோ பிறந்த மண்ணையே சொல்கிறார்கள். ஹகுஹோ என்ற மல்லர் 2019இல் ஜப்பானியக் குடியுரிமை பெற்றார். 2021இல் ஓய்வு பெறும்வரை அவருக்கு மங்கோலியாவே ஊராக இருந்தது.

நம் நாட்டில் கதை தலைகீழ். மாமல்லன் எனப்பட்ட நரசிம்மவர்மனின் பட்டமே ஊருக்குப் பெயராகி மாமல்லபுரம் என நிற்கிறது.

திரும்பும்போது யமுனைப் பாலத்தின்மேல் மகன் கேட்டான்: "ரைடன் கணக்குப்படி நமக்கு டில்லிதானே?" ஹகுஹோவை நினைவூட்டினோம். "அவர் பிறந்தது மங்கோலியாவில். நான் பிறந்தது இங்கே" என்றான். அவன் தாய் ஜன்னல் வழியே ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குளித்தலையில் காவிரிக்கரைத் தெருவில் வளர்ந்தவள் அவள்.

படிவம் மேஜைமேல் இருக்கிறது. கட்டம் சிறியது, ஓர் ஊருக்கே இடமுண்டு. திங்கட்கிழமை கொடுத்தாக வேண்டும்.